பாஸ்வேர்டு எப்படிப் பறிபோகிறது? கல்லூரி ஊழியர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும். அதில் ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பாஸ்வேர்டு பற்றிக் கல்லூரி ஊழியர்களுக்குப் பெரும்பாலும் சொல்லப்படுவது இவ்வளவுதான். எல்லோரும் சொன்னபடியே செய்கிறார்கள்: கல்லூரியின் பெயர், பிறகு ஓர் ‘அட்’ குறி, பிறகு ஆண்டு. மூன்று மாதம் கழிந்ததும் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

எங்கோ ஒருவன் உட்கார்ந்துகொண்டு நம் பாஸ்வேர்டை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கிறான் என்ற கற்பனைதான் இந்த விதிகளுக்குப் பின்னால் இருக்கிறது. லாகின் பக்கத்தில் அப்படி ஊகித்து நுழைவது அவ்வளவு சுலபமில்லை. சில முறை தவறினாலே பல தளங்கள் கணக்கைப் பூட்டிவிடும். நிஜத்தில் பாஸ்வேர்டு போகிற வழியே வேறு. அதே பாஸ்வேர்டை நீங்கள் கொடுத்துவைத்திருந்த இன்னொரு தளத்திலிருந்து அது கசிகிறது. அல்லது ஒரு போலிப் பக்கத்தில் நீங்களே டைப் செய்து கொடுத்துவிடுகிறீர்கள். அல்லது வகுப்பறைக் கணினியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள். போலிப் பக்கத்துக்கு ஆறு எழுத்துப் பாஸ்வேர்டும் ஒன்றுதான், அறுபது எழுத்துப் பாஸ்வேர்டும் ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ள, பாஸ்வேர்டை டைப் செய்து என்டர் தட்டிய பிறகு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சர்வரில் இருப்பது உங்கள் பாஸ்வேர்டு அல்ல

நீங்கள் டைப் செய்தது சரிதான் என்று சர்வருக்கு, அதாவது அந்தத் தளத்தை இயக்கும் கணினிக்கு, எப்படித் தெரிகிறது? அங்கே ஒரு பட்டியல் இருக்கும், உங்கள் பெயருக்கு எதிரே பாஸ்வேர்டு எழுதியிருக்கும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. கணினியில் பாஸ்வேர்டு முதலில் புழங்கிய இடமும் ஒரு கல்வி நிறுவனம்தான், அமெரிக்காவின் எம்ஐடி. 1961-ல் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கிய சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பில் ஒரே கணினியைப் பலரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு வேண்டும், ஒருவர் ஃபைலில் இன்னொருவர் கைவைக்கக் கூடாது. அதற்காக வந்தது பாஸ்வேர்டு. எல்லோருடையதும் ஒரே ஃபைலில் அப்படி அப்படியே எழுதப்பட்டிருந்தது.

அடுத்த ஆண்டே, 1962-ல், ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்குத் தன் ஆய்வுக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதவில்லை. அந்த ஃபைலை அச்சடித்துத் தரும்படி, அந்தக் காலத்தில் கணினிக்குக் கட்டளை கொடுக்கப் பயன்பட்ட துளையட்டையில் ஒரு கோரிக்கை போட்டார். அச்சாகி வந்தது. மற்றவர்கள் பெயரில் நுழைந்து வேலையை முடித்துக்கொண்டார். கால் நூற்றாண்டு கழித்துத்தான் விஷயத்தையே வெளியில் சொன்னார். 1966-ல் நடந்தது இன்னும் விசேஷம். நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரண்டு ஃபைல்களைத் திருத்தப்போய், அவை இடம் மாறிவிட்டன. அன்று லாகின் செய்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்து நின்றது. இரண்டு சம்பவத்திலும் யாரும் எதையும் ஊகிக்கவில்லை. பட்டியல் வெளியே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

பட்டியல் என்றாவது ஒருநாள் வெளியே வரத்தான் செய்யும். வந்தாலும் அதை வைத்து யாரும் உள்ளே நுழைய முடியாதபடி செய்ய வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழிக்கு ஹேஷ் என்று பெயர். ஹேஷ் என்பது ஒரு கணக்கு. பாஸ்வேர்டை அதற்குள் போட்டால் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் ஒரு நீளமான கோவை வெளியே வரும். எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கில் ஓர் எழுத்தைப் போட்டாலும் ஒரு முழுப் புத்தகத்தையே போட்டாலும் வருவது 64 இடங்கள் கொண்ட ஒரு கோவைதான். உள்ளே போட்டதில் ஒரு எழுத்தை மாற்றினால் வெளியே வருவது அடியோடு மாறிவிடும். கறந்த பால் மடி புகாது என்பார்களே, அதுபோலக் கோவையிலிருந்து பாஸ்வேர்டுக்குத் திரும்பிப் போகக் கணக்கு கிடையாது. சர்வர் இந்தக் கோவையை மட்டும் வைத்துக்கொள்கிறது. நீங்கள் டைப் செய்ததை அதே கணக்கில் போட்டு, இரண்டு கோவைகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்கிறது.

ஒழுங்காக நடத்தப்படும் தளத்துக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது என்பது இதிலிருந்து தெரியும். ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்று சொன்னால் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளத்தான் லிங்க் வரும். உங்கள் பழைய பாஸ்வேர்டையே ஒரு தளம் மெயிலில் அனுப்பிவைத்தால், அது உங்களுக்கு உதவிசெய்ததாக நினைக்காதீர்கள். அங்கே ஹேஷ் இல்லை, எம்ஐடியின் 1961 ஃபைல்தான் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

சரி, ஹேஷ் வந்தபிறகும் ஏன் பாஸ்வேர்டு போகிறது? திரும்பிப் போக வழியில்லையே தவிர, முன்னால் போய்ப் பார்க்க வழியுண்டு. பட்டியலைத் திருடியவன், உலகத்தில் ஆட்கள் வழக்கமாக வைக்கும் பாஸ்வேர்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதே கணக்கில் போட்டு, வரும் கோவை பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பான். இப்போது பயனாளர் கணக்கைப் பூட்டுவதற்கு லாகின் பக்கம் எதுவும் குறுக்கே இல்லை. அவனுடைய கணினியில் அவன் இஷ்டத்துக்கு ஓடும். வேகமான ஹேஷ் கணக்கு என்றால், விளையாட்டுக்காக வாங்கும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டே வினாடிக்குக் கோடிக்கணக்கில் போட்டுப் பார்த்துவிடும்.

இந்த ஆபத்து புதிதல்ல. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் காலத்திலேயே, 1979-ல், ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் எழுதிய கட்டுரையில் 3,289 பாஸ்வேர்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவற்றில் 2,831 பாஸ்வேர்டுகள், அதாவது 86 சதவீதம், மிகக் குட்டையானவை அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ சுலபமாகக் கிடைப்பவை. ஒரே ஓர் எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அதே கட்டுரை சால்ட் என்ற தடுப்பையும் விளக்கியது. ஹேஷ் போடும் முன் ஆளுக்கொரு தனித் துணுக்கைப் பாஸ்வேர்டோடு சேர்த்துவிடுவது. இதனால் இருவர் ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தாலும் கோவைகள் வேறு வேறாக வரும். திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மெனக்கெட வேண்டும். இவ்வளவு தெரிந்த பிறகும், 2012-ல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்ட ஹேஷ்களில் சால்ட் இல்லை. முதலில் 65 லட்சம் என்று வெளியானது. 2016-ல் பார்த்தால் 11.7 கோடி. அதற்கு முன் 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து கசிந்த 3.2 கோடி பாஸ்வேர்டுகளுக்கு ஹேஷே கிடையாது. அந்தப் பட்டியலைத்தான் மற்றப் பட்டியல்களை உடைக்கும் அகராதியாக இன்றுவரை பயன்படுத்துகிறார்கள்.

‘ஏ’ வரவேண்டிய இடத்தில் ‘அட்’ குறி போடுவது, ‘ஓ’ இடத்தில் பூஜ்யம் போடுவது, கடைசியில் 123 சேர்ப்பது எல்லாம் உடைக்கும் மென்பொருளுக்குள்ளேயே விதியாக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. நமக்குத் தோன்றிய தந்திரம் அவர்களுக்கும் தோன்றாமல் இருக்குமா?

மாநாட்டுத் தளத்தில் கொடுத்த பாஸ்வேர்டு

கல்லூரியில் வேலை செய்பவர்களுக்கென்றே ஒரு தனி ஆபத்து உண்டு. கருத்தரங்குக்குப் பதிவு செய்ய ஒரு தளம், ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்ப ஒரு தளம், இணையவழிப் பயிற்சிக்கு ஒன்று, வினாடி வினா நடத்த ஒன்று. எல்லாத் தளமும் மெயில் முகவரி கேட்கிறது, கல்லூரி முகவரியைக் கொடுக்கிறோம். கூடவே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அவசரத்தில் கை தானாகவே பழகிய ஒன்றை டைப் செய்துவிடுகிறது. அந்தக் கருத்தரங்குத் தளத்தை யார் செய்தார்கள்? பெரும்பாலும் யாரோ ஒரு மாணவர், ஒரு வாரத்தில். கருத்தரங்கு முடிந்த பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் கொடுத்தது மட்டும் அங்கேயே கிடக்கிறது.

என்றைக்கோ ஒருநாள் அது கசிந்தால் திருடனுக்குக் கிடைப்பது உங்கள் கல்லூரி மெயில் முகவரியும் ஒரு பாஸ்வேர்டும். இந்த ஜோடியை அவன் கல்லூரி மெயிலில் போட்டுப் பார்ப்பான், பிறகு மற்ற இடங்களில். கையால் அல்ல, நிரல் வைத்து, லட்சக்கணக்கான ஜோடிகளை ஒரே ஓட்டத்தில். ஆளுக்கு ஒரே முயற்சி என்பதால் எந்தக் கணக்கும் பூட்டிக்கொள்வதில்லை. உங்கள் முகவரி ஏற்கெனவே எந்தெந்தக் கசிவில் வந்திருக்கிறது என்று பார்க்க, கணினிப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளம் இருக்கிறது. அங்கே மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் போதும்.

ஆக, பாஸ்வேர்டு பற்றி ஒரே ஒரு விதிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்: ஓரிடத்தில் வைத்ததை இன்னோரிடத்தில் வைக்காதீர்கள். பெரிய எழுத்து, குறி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதில் பலன் இருக்கிறதா? அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 2010-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கட்டாயமாக மாற்றவைக்கப்பட்ட பழைய பாஸ்வேர்டுகள் கையில் இருந்தால் புதியதைக் கண்டுபிடிக்க முடியுமா என்று. ஹேஷ் கையில் இருந்தபோது 41 சதவீதத்தைச் சில வினாடிகளில் கண்டுபிடித்தார்கள். 17 சதவீதத்தை லாகின் பக்கத்திலேயே ஐந்து முயற்சிக்குள் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவது நம் ஊழியர்கள் மட்டும் கண்டுபிடித்த வித்தை இல்லை.

பெரிய எழுத்து, குறி, அவ்வப்போது மாற்றுவது என்ற இந்த விதிகள் பரவியதற்கு முக்கியக் காரணம் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தர நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் 2003-ல் எழுதிய வழிகாட்டி. அதே நிறுவனம் 2017-ல் அதைத் திருத்தி எழுதியது. காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம், பெரிய எழுத்து சிறிய எழுத்து என்று கலக்கச் சொல்ல வேண்டாம், நீளமாக வைக்க விடுங்கள், ஏற்கெனவே கசிந்த பட்டியலில் இருப்பதை மட்டும் ஏற்காதீர்கள் என்றது. தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக பர் அவர்களே அந்த ஆண்டு பேட்டியில் சொன்னார். அதெல்லாம் இருக்கட்டும், எங்கள் கல்லூரியில் மாற்றச் சொல்கிறார்களே என்றால், மாற்றத்தான் வேண்டும். ஆனால் எண்ணைக் கூட்டாமல் முழுதாக மாற்றுங்கள்.

நீளம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. விசைப்பலகையில் இருக்கும் 95 குறிகளையும் கலந்து எட்டு இடத்துக்குப் பாஸ்வேர்டு வைத்தால், சாத்தியமான சேர்க்கைகள் சுமார் 66 கோடி கோடி என்று சொல்ல ஆரம்பித்தால் யாருக்கும் மனதில் நிற்காது. இப்படிச் சொல்கிறேன்: வெறும் சிறிய எழுத்துகளில், எந்தக் குறியும் இல்லாமல், பதினாறு இடத்துக்கு எதேச்சையாக வைத்த பாஸ்வேர்டு அதைவிட அறுபது லட்சம் மடங்குக்கும் மேல் கடினம். மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய பாஸ்வேர்டுக்கு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு சொற்களை வரிசையாக வைப்பது நல்ல வழி. ஏணி, நீலம், தபால், குதிரை, சாம்பல் என்பதுபோல. (இந்த ஐந்தையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், எழுதி வெளியிட்டாயிற்று.) பகடை உருட்டியோ ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடிப் பிரித்தோ சொற்களைத் தேர்ந்தெடுங்கள். நாமாக யோசித்தால் பிள்ளைகளின் பெயரும் தெரிந்த பாட்டின் முதல் அடியும்தான் வரும்.

இப்படி எத்தனை இடத்துக்குத்தான் மனதில் வைப்பது? வைக்க வேண்டாம். அந்த வேலைக்குத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற மென்பொருள் இருக்கிறது. ஒவ்வொரு தளத்துக்கும் வாயில் நுழையாத ஒரு பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி, பூட்டிய பெட்டகத்தில் வைத்துக்கொள்ளும். பெட்டகத்துக்கான ஒரே பாஸ்வேர்டை மட்டும் நீங்கள் நினைவில் வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது ஆபத்து இல்லையா என்று கேட்காதவர்கள் கிடையாது. நியாயமான கேள்வி. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து பயனாளர்களின் பெட்டகங்களே திருடப்பட்டன. ஆனால் அவை பூட்டிய பெட்டகங்கள். சாவியாக நீளமான பாஸ்வேர்டு வைத்திருந்தவரின் பெட்டகத்தைத் திறப்பது பெரும்பாடு. குட்டையாக வைத்திருந்தவர்கள்தான் கவலைப்பட வேண்டியிருந்தது. முப்பது தளத்தில் ஒரே பாஸ்வேர்டு வைப்பதோடு ஒப்பிட்டால் எனக்கு இதில் குழப்பமே இல்லை. மென்பொருளே வேண்டாம் என்பவர்கள் ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதில் தப்பில்லை. அலுவலக மானிட்டரில் மஞ்சள் காகிதத்தில் ஒட்டிவைப்பதுதான் தப்பு.

நாமே கொடுத்துவிடுவது

இனி இரண்டாவது வழி. ஒரு மெயில் வருகிறது. ‘உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது. 24 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்.’ அல்லது, ‘திருத்தப்பட்ட சம்பளப் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது.’ அனுப்பியவர் பெயர் உங்கள் கல்லூரி முதல்வர் பெயர். லிங்கைத் தட்டினால் நீங்கள் தினமும் பார்க்கும் அதே லாகின் பக்கம், அதே கல்லூரிச் சின்னம். இதற்குத்தான் ஃபிஷிங் என்று பெயர்.

பெயரையும் சின்னத்தையும் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். போலியாக்க முடியாதது பிரவுசரின் மேலே இருக்கும் முகவரி. அதை வாசிக்க ஒரு முறை உண்டு, அதை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். முகவரியில் முதலில் இரட்டைச் சாய்கோடு வரும், அதை விடுங்கள். அதற்கு அடுத்து வரும் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கி வாசியுங்கள். முதலில் கிடைக்கும் இரண்டு துண்டுகள்தான் அந்தத் தளத்தின் சொந்தக்காரர். ‘மெயில்.நம்கல்லூரி.ஆர்க்’ என்று முடிந்தால் அது நம்கல்லூரியுடையது. ‘மெயில்.நம்கல்லூரி.ஆர்க்.லாகின்செக்.காம்’ என்று இருந்தால்? கண் இடமிருந்து வலமாக ஓடுவதால் ‘நம்கல்லூரி’ என்பதைப் பார்த்ததும் மனம் சமாதானமாகிவிடும். பின்னோக்கி வாசித்தால்தான் அது ‘லாகின்செக்.காம்’ வைத்திருப்பவனுடையது என்று தெரியும். முன்னால் இருப்பதெல்லாம் அவன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டது. ஏசி.இன், ஏசி.யூகே போன்ற முடிவுகள் வந்தால் மட்டும் இரண்டுக்குப் பதில் மூன்று துண்டுகளைப் பாருங்கள்.

பூட்டுப் படம் இருக்கிறதே, பத்திரம்தானே என்று சிலர் கேட்பார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டுக்கு அர்த்தம். எதிரே இருப்பவன் திருடன் இல்லை என்று அது சொல்லவில்லை.

மெயில் பெட்டி நிரம்பிவிட்டதா என்று உண்மையிலேயே சந்தேகமாக இருந்தால், லிங்கைத் தட்டாமல் வழக்கமாகப் போகும் வழியில் மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் லாபம். அது சின்னத்தைப் பார்த்து மயங்காது, முகவரியைப் பார்க்கும். போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை நிரப்பாமல் சும்மா இருக்கும். வழக்கமாகத் தானே நிரப்புகிற இடத்தில் அது நிரப்பவில்லை என்றால், நீங்களே டைப் செய்யப் போவதற்கு முன் முகவரியைப் பாருங்கள்.

எங்களுக்குத்தான் ஓடிபி இருக்கிறதே என்ற தைரியமும் பலரிடம் உண்டு. ஓடிபி நல்லதுதான். கசிந்த பாஸ்வேர்டை மட்டும் வைத்துக்கொண்டு வருபவனை அது வாசலிலேயே நிறுத்திவிடும். அது எப்படி வேலை செய்கிறது என்பது பலருக்குப் புதிராக இருக்கிறது. குறிப்பாக ஃபோனில் இருக்கும் ஆத்தன்டிகேட்டர் ஆப் நெட் இல்லாமலும் சரியான எண்ணைக் காட்டுகிறதே என்று. ரகசியம் இதுதான்: முதல்நாள் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது சர்வரும் உங்கள் ஃபோனும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டுவிட்டன. அதன் பிறகு அந்த ரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரண்டு பக்கமும் தனித்தனியே ஹேஷ் போடுகின்றன. 30 வினாடிக்கு ஒருமுறை நேரம் ஒரு படி நகர்கிறது, எண்ணும் மாறுகிறது. 2011-ல் வந்த தரவரையறை இது. நெட் தேவையில்லை, கடிகாரம் சரியாக இருந்தால் போதும். ஓடிபி ஏற்கவே மாட்டேன் என்கிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ஃபோனில் நேரம் தானியங்கியாக இருக்கிறதா என்பதைத்தான்.

ஆனால் போலிப் பக்கம் இதையும் தாண்டும். நீங்கள் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை டைப் செய்கிறீர்கள். அது அந்த நொடியே அதை அசல் தளத்துக்கு அனுப்புகிறது. அசல் தளம் ஓடிபி கேட்கிறது. போலிப் பக்கமும் உங்களிடம் ஓடிபி கேட்கிறது. நீங்கள் கொடுக்கிறீர்கள், 30 வினாடி முடிவதற்குள் அது அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அசல் தளம் ‘சரி, உள்ளே வா’ என்று ஓர் அனுமதிச் சீட்டைத் தருகிறது. செஷன் குக்கீ என்பார்கள். அந்தச் சீட்டு போய்ச் சேர்வது போலிப் பக்கத்தை நடத்துபவன் கைக்கு. அதன் பிறகு அவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்களுக்கோ ‘ஏதோ பிழை, பிறகு முயலவும்’ என்று ஒரு வரி வந்திருக்கும். நீங்களும் நெட்டைத் திட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

எண்ணுக்குப் பதிலாக ஃபோனில் ‘அனுமதிக்கவா?’ என்று மட்டும் கேட்கும் முறையில் இன்னொரு பலவீனம். திருடன் திரும்பத் திரும்ப லாகின் செய்துகொண்டே இருப்பான், ஃபோன் கத்திக்கொண்டே இருக்கும், கடைசியில் தொல்லை தாங்காமல் ஒருவர் ‘சரி’யைத் தட்டிவிடுவார். 2022-ல் ஊபர் நிறுவனத்துக்குள் இப்படித்தான் நுழைந்தார்கள். நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் அனுமதி கேட்டு வந்தால் உங்கள் பாஸ்வேர்டு ஏற்கெனவே யாரிடமோ இருக்கிறது என்று அர்த்தம். மறுத்துவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இந்தப் போலிப் பக்க வித்தை பலிக்காத முறையும் வந்துவிட்டது. பாஸ்கீ என்று உங்கள் ஃபோனோ பிரவுசரோ கேட்டிருக்கலாம். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022-ல் இதை ஆதரிப்பதாக அறிவித்தன. உங்கள் ஃபோனிலேயே ஒரு ரகசியச் சாவி தங்கியிருக்கும். கைரேகை வைத்தால் அது அந்தத் தளத்துக்கு மட்டுமான ஒரு கையெழுத்தைப் போட்டுத் தரும். சாவி எங்கும் டைப் செய்யப்படுவதில்லை. முகவரி ஓர் எழுத்து மாறினாலும் சாவி அசையாது. கொடுப்பதற்கு உங்களிடம் எதுவும் இல்லாததால் ஏமாற்றுவதற்கும் எதுவும் இல்லை. உங்கள் கல்லூரி மெயிலில் இந்த வசதி இருந்தால் யோசிக்காமல் இயக்குங்கள்.

கொடுத்துவிட்டோம், இப்போது என்ன?

2025-ல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களைக் குறிவைத்த ஒரு மோசடியை மைக்ரோசாஃப்ட் விவரித்திருக்கிறது. மெயில் வழியாகக் கணக்கைப் பிடித்ததும் மோசடிக்காரர்கள் முதலில் பணத்தைத் தொடவில்லை. இன்பாக்ஸில் ஒரு ஃபில்டர் போட்டார்கள்: சம்பள மென்பொருளிலிருந்து வரும் அறிவிப்புகள் எல்லாம் தானாக அழிந்துவிடும்படி. பிறகு அதே லாகினில் சம்பளப் பக்கத்துக்குப் போய், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றினார்கள். ‘உங்கள் வங்கி விவரம் மாற்றப்பட்டது’ என்ற எச்சரிக்கை மெயில் வந்தது, வந்ததும் அழிந்தது. சிலருடைய கணக்கில் தங்கள் ஃபோன் எண்ணையே இரண்டாவது சரிபார்ப்புக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். பிடித்த கணக்குகளிலிருந்து மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் அதே மெயிலை அனுப்பினார்கள்.

அதனால் பாஸ்வேர்டை மாற்றியதோடு நிறுத்தக் கூடாது. அனுமதிச் சீட்டு அவன் கையில் இருக்கிறதே! வேறொரு நல்ல கணினியிலிருந்து பாஸ்வேர்டை மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதைத் தட்டுங்கள். மெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்பு எண், இரண்டாம் சரிபார்ப்புக்கான சாதனங்கள், இவற்றில் அந்நியர் யாராவது இருக்கிறார்களா என்பதையும். சம்பளப் பக்கத்தில் வங்கி விவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதையெல்லாம் செய்துகொண்டிருக்கும்போதே கல்லூரியின் கணினிப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். ‘இவ்வளவு படித்தவர் இதில் போய் விழுந்தாரா’ என்பார்களே என்று மறைப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் மறைக்கும் அரை நாளில் உங்கள் பெயரில் உங்கள் மாணவர்கள் அனைவருக்கும் அதே லிங்க் போய்விடும். பேராசிரியர் அனுப்பியது என்று அவர்கள் நம்பித் தட்டுவார்கள்.

வகுப்பறைக் கணினி

மூன்றாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஆனால் தினமும் நடப்பது இதுதான். புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மெயிலைத் திறக்கிறோம். மாணவர்கள் அறுபது பேருக்கு முன்னால் இன்பாக்ஸின் முதல் பக்கம். பாஸ்வேர்டு கட்டத்துக்குப் பதிலாகப் பயனாளர் பெயர் கட்டத்தில் பாஸ்வேர்டை டைப் செய்துவிட்டால், அது புள்ளியாகத் தெரியாது, எழுத்தாகவே சுவரில் தெரியும். சுவரில் விழும் படத்தை மட்டும் மறைக்கும் பட்டன் பெரும்பாலான புரொஜெக்டர் ரிமோட்டில் இருக்கிறது, அதைத் தட்டிவிட்டு லாகின் செய்யுங்கள்.

பிரவுசர் ‘பாஸ்வேர்டைச் சேமிக்கவா?’ என்று கேட்டால் பொதுக் கணினியில் ‘வேண்டாம்’ என்பதே பதில். தெரியாமல் சேமித்துவிட்டால், அடுத்து உட்காருபவர் பிரவுசர் செட்டிங்ஸில் போய் அதை எழுத்தாகவே பார்க்க முடியும். ஜன்னலை மூடுவது வேறு, லாக் அவுட் செய்வது வேறு. மூடியதால் அனுமதிச் சீட்டு கிழிந்துவிடாது. மறந்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் பிரைவேட் விண்டோவில் திறந்தால், எல்லா ஜன்னலையும் மூடும்போது சீட்டும் போய்விடும். பாடத்துக்கான ஃபைல் மட்டும் வேண்டும் என்றால் மெயிலைத் திறக்காமல், லாகின் தேவைப்படாத ஒரு ஷேர் லிங்கில் வைத்துக்கொள்வது இன்னும் உத்தமம்.

துறைக்கு ஒரே மெயில், அதன் பாஸ்வேர்டு ஐந்து பேருக்குத் தெரியும் என்பதும், மதிப்பெண் பதிவேற்ற நேரமில்லாமல் ஆய்வக உதவியாளரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவதும் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. ஒரு மதிப்பெண் மாறிப்போனால் பதிவேட்டில் இருப்பது உங்கள் பெயர் மட்டுமே. துறை மெயிலுக்கு ஆளாளுக்கு அவரவர் லாகினிலேயே அனுமதி கொடுக்கும் வசதியும், உதவியாளருக்குத் தனி உரிமை கொடுக்கும் வசதியும் பெரும்பாலான அமைப்புகளில் இருக்கின்றன. கணினிப் பிரிவில் கேட்டால் செய்து தருவார்கள். செய்து தரும்போது அவர்களும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கத் தேவையில்லை. சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தால் விசைப்பலகையை உங்கள் பக்கம் திருப்பி, ‘நீங்களே போடுங்கள்’ என்று சொல்லிவிட்டு அவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். ஃபோனில் அழைத்து, கணினிப் பிரிவிலிருந்து பேசுகிறேன், பாஸ்வேர்டைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், இணைப்பைத் துண்டித்துவிட்டு அலுவலக எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.